பிள்ளைகள் ஓட்டப் பழைய ஜீப்: எதைப் பார்த்து வாங்குவது?

சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். வீடு மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையில், வயல் உன்னிச்சைப் பக்கம். மகனுக்கு 18 முடிந்து சாரதி அனுமதிப்பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. மகளுக்கு 17. கணவர் கட்டாரில். பெரும்போகம் தொடங்க முன்னர் பழைய ஜீப் ஒன்று வாங்க வேண்டும், கையில் அளவான காசுதான். ஊரில் ஒருவர் உயர்த்திக் கட்டி, பெரிய ரயர் போட்ட மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப் ஒன்றைக் காட்டியிருக்கிறார். மகனுக்கு அதில்தான் கண். அதை வாங்கலாமா, இல்லையென்றால் ஜிம்னி, பஜேரோ மினி, பழைய ஹைலக்ஸ் என்று வேறு பார்க்கலாமா?

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த ஜீப் சுரிக்குள்ளும் கிறவல் வீதியிலும் போகும் என்பது ஒன்று. மற்றதை நீங்கள் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்: "பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக இருக்கலாமா?" முதலாவதற்குப் பதில் சொல்வது சுலபம், பழைய ஜப்பான் ஜீப்புகளில் பாதிக்கு மேல் உங்கள் வயல் வரைக்கும் போகும். இரண்டாவதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன், ஆகவே அதை வைத்தே எழுதுகிறேன். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பொறிமுறை படிப்பித்து, பிறகு கல்லடியில் கராஜ் போட்டவன். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்தும் அம்பாறைப் பக்கத்திலிருந்தும் வருகிற ஜீப்புகளின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதே என் அன்றாட வேலை.

ஜீப்பில் நாம் எதையெல்லாம் மெச்சுகிறோம்? உயரமாக நிற்கும், பெரிய ரயர், நாலு சக்கரமும் இழுக்கும், தண்ணீருக்குள் இறங்கும். இவை ஒவ்வொன்றும் புதிதாக ஓட்டப் பழகியவருக்கு எதிராகவும் வேலை செய்யும். உயரம் கூடினால் பாரத்தின் மையம் மேலே போகிறது. காரில் சறுக்கலோடு முடிகிற திருப்பம் ஜீப்பில் கவிழ்வதில் முடியலாம். நாலு சக்கர இழுவை, வாகனம் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும்தான் உதவும், நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லா வாகனத்திலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. ஈரமான கிறவலில் ஜீப் சறுக்காமல் இழுத்துக்கொண்டு போவதால் ஓட்டுகிறவருக்கு வீதி நன்றாக இருப்பதுபோல் ஒரு நம்பிக்கை வரும். அந்த வேகத்தில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் வீதி எப்படி இருக்கிறது என்று தெரியும். இளைஞர்களின் ஜீப் விபத்துகள் பலவற்றுக்கு அடியில் இருப்பது இந்த நம்பிக்கைதான்.

அதற்காக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் வாங்காவிட்டால் மகன் வயலுக்கு எதில் போவான்? மோட்டார் சைக்கிளில்தான். நம் நாட்டு வீதி மரணங்களில் மோட்டார் சைக்கிள்காரர்களின் பங்கு மிகப் பெரியது. உரமூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாரி இருட்டில், யானை நடமாடும் வீதியால் இரண்டு சக்கரத்தில் வருவதைவிட, இருக்கைப் பட்டி போட்டு, கூரை உள்ள நல்ல பிரேக் ஜீப்பில் வருவது பாதுகாப்பு. அந்தக் கணக்கில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் நாலு சக்கர இழுவை உண்மையிலேயே வேண்டுமா என்று வீட்டில் இருந்து ஒருமுறை பேசுங்கள். கொக்கட்டிச்சோலையிலிருந்து உன்னிச்சைப் பக்கம் போகும் பிரதான வழிகளில் வருடத்தின் பெரும்பகுதி உயரம் கொஞ்சம் கூடிய சாதாரண வாகனமே போதும். வட்டைக்குள் இறங்கும் கடைசித் துண்டுதான் பிரச்சினை. அது மாரியில் களிமண் சுரியாக இருந்தால் அங்கே ஜீப்பும் புதையும், உழவு இயந்திரம்தான் இழுத்து எடுக்கும். நாலு சக்கரமும் சுற்றுகிற வாகனம் இரண்டு சக்கர வாகனத்தைவிட இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் புதையும், அவ்வளவுதான். வருடத்தில் சில வாரம் கடைசி அரைக் கட்டையை நடக்கலாம் என்றால் தெரிவு மிகவும் அகலமாகும், விலையும் குறையும். கிரான் தாண்டிக் குடும்பிமலைப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள், பாணமையிலிருந்து ஒக்கந்தை வரை அடிக்கடி போகிறவர்கள், இவர்களுக்கு நாலு சக்கர இழுவை வேண்டும்தான். நீங்கள் அந்த அளவுக்குத் தேவைப்படுகிறவர் இல்லை என்பது என் ஊகம்.

சரி, அந்த 4டிஆர்5. அந்த ஜீப்பைப் பற்றித் தரக்குறைவாக ஒரு சொல் சொல்ல மாட்டேன். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உரிமத்தில் மிட்சுபிஷி 1950களில் தொடங்கி 1998 வரை கட்டிய வாகனம் அது. 2.7 லீற்றர் டீசல் எஞ்சின், டர்போ இல்லாதது 80 குதிரைவலு அளவில்தான் தரும், ஆனால் இழுவை அபாரம். இலத்திரனியல் ஒன்றும் இல்லை, எந்த ஊர் மெக்கானிக்கும் திருத்துவார். மெதுவாகத்தான் போகும் என்பதும் இளம் சாரதிக்கு நல்லதே. இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்கள் பிள்ளைகளுக்கு அதை வேண்டாம் என்கிறேன். அந்த ஜீப் வடிவமைக்கப்பட்ட காலத்தில் மோதலில் ஆளைக் காப்பாற்றுவது என்ற யோசனையே வாகனத்துக்குள் வரவில்லை. துணி ஹூட், கவிழ்ந்தால் தலைக்கு மேல் தாங்க ஒன்றுமில்லை. பலவற்றில் பின் இருக்கை பக்கவாட்டுப் பெஞ்சு, பட்டி கிடையாது. பழையவற்றில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் சிறிது நேரம் பிரேக்கே இருக்காது. இலைவில்லில் நிற்கும் குறுகிய வாகனம், பவர் இல்லாத ஸ்டியரிங். அனுபவம் உள்ளவர் இவை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் ஓட்டுவார். 18 வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதிலும் உங்களுக்குக் காட்டியது உயர்த்திய ஜீப். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை: உயர்த்திக் கட்டி, பெரிய ரயர் போட்ட எந்த வாகனத்தையும் புதுச் சாரதிக்கு வாங்காதீர்கள். பாரமையம் மேலே போகிறது என்பது ஒன்று. ரயர் பெரிதாகும்போது அதைச் சுற்றவும் நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும், பிரேக் பழைய அளவிலேயே இருக்கும், ஆகவே நிற்கும் தூரம் கூடும். வேகமானியும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். பிள்ளை 60இல் போவதாக நினைப்பான், உண்மையில் அதற்கு மேல் போய்க்கொண்டிருப்பான். ஸ்டியரிங் மூட்டுகள் சரிவாக இழுபட்டுச் சீக்கிரம் தேயும். மகனுக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்குத் தெரியும். அவன் கண்ணுக்கு அழகாகத் தெரிவதே அந்த உயரம்தான்.

மற்றவற்றுக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தேடுவது 1998க்குப் பிந்திய 1.3 லீற்றர் பெற்றோல் ஜிம்னி. சுருள் வில், இரும்புக் கூரை, முன்பக்க டிஸ்க் பிரேக், உடம்பைத் தாங்கும் தனியான இரும்புச் சட்டம் (சேஸி), மெதுவாக ஆனால் கூடிய பலத்தோடு இழுக்கும் குறைந்த கியரோடு கூடிய நாலு சக்கர இழுவை, ஒரு தொன்னை ஒட்டிய எடை. எஞ்சினின் வலு அளவானது, வேகமாகப் போ என்று தூண்டாது. புதைந்தாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளி எடுத்துவிடலாம். குறை என்னவென்றால் நீளம் குறைவு, அகலமும் குறைவு. திடீரென்று ஸ்டியரிங்கை வெட்டினால் மன்னிக்காது. பின் இருக்கை பேருக்குத்தான். அது நல்லது என்றே சொல்வேன், காரணம் பிறகு வருகிறது. இதே ஜிம்னியின் 660 சிசி டர்போவும் உண்டு. அதையும் பஜேரோ மினியையும் ஒரே தட்டில் வைக்கிறேன்: சின்ன எஞ்சின், டர்போ, பராமரிப்புத் தவறினால் செலவு வைக்கும். பஜேரோ மினிக்கு, எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் வேறு. அது எப்போது மாற்றியது என்று விற்பவரால் ரசீதோடு சொல்ல முடியாவிட்டால், வாங்கிய கிழமையே மாற்றுவதற்கான காசை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இரண்டாவதாக நான் பார்ப்பது டைஹட்சு டெரியோஸ், 1997இல் வந்த முதல் தலைமுறை. எப்போதும் நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் அமைப்பு, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைப் பங்கிடும் நடு டிஃப்ரென்ஷியலைப் பூட்டும் சுவிட்சும் உண்டு. குறைந்த கியர் இல்லை என்பதால் மலை ஏறுகிறவர்கள் இதை மதிப்பதில்லை. மட்டக்களப்பில் மலை எங்கே இருக்கிறது? நாலு கதவு, பின்னால் முழு இருக்கை, காரைப் போன்ற ஓட்டம். குறுகிய உடம்பு, உயரம் கூட, காற்றடித்தால் ஆடும், அந்தக் குறை இதற்கும் உண்டு. ஆனால் லீவர் போட்டு நாலு சக்கரத்துக்கு மாற்றுவது, மறந்துபோய்த் தார் வீதியில் அப்படியே ஓட்டுவது போன்ற தொல்லைகள் இல்லை. ஜிம்னி, 4டிஆர்5 போன்றவற்றில் காய்ந்த தார் வீதியில் நாலு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றை ஒன்று இழுத்து முறுக்கும், திருப்பமும் கனமாகும், கடைசியில் கியர் பெட்டி செலவு வைக்கும்.

ஹைலக்ஸ் டபுள் கெப், குறிப்பாக 2.8 டீசல் போட்டவை, நம் பகுதிக்கு எழுதிவைத்ததுபோல் பொருந்தும் வாகனம்தான். விலைதான் இடிக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் 30 வருடப் பழைய கெப்புக்கும் புது வாகன விலை பேசப் பழகிவிட்டார்கள். உங்கள் காசுக்குக் கிடைக்கும் ஹைலக்ஸ் மிகவும் களைத்துப்போனதாக இருக்கும். களைத்த ஹைலக்ஸைவிடச் சுகதேகியான டெரியோஸ் மேல். பெட்டி வெறுமையாக இருக்கும்போது கெப்பின் பின் சக்கரம் ஈரத்தில் சட்டென்று வழுக்கும் என்பதையும் பிள்ளைகளைப் பொறுத்தவரை நினைவில் வையுங்கள். பெரிய பஜேரோவின் 2.5 டீசலில் டைமிங் பெல்ட்டோடு பலன்ஸ் பெல்ட் என்று இன்னொன்றும் ஓடும். அந்தச் சின்னது அறுந்து பெரியதில் சிக்கினால் எஞ்சின் போய்விடும். சூடேறினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் வெடிப்பு விழுவதும் அந்த எஞ்சினில் அறிந்த நோய். லேண்ட் ரோவரில் அலுமினியத் தகடும் இரும்பும் தொடும் இடமெல்லாம் உப்புக் காற்றில் அரிக்கும். காதலோடு வைத்திருப்பவர்களுக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம். மகிந்திரா பொலேரோ நம்மூரில் ஓடுபவை பெரும்பாலும் இரண்டு சக்கர இழுவைதான். கடைசித் துண்டை நடக்கச் சம்மதம் என்றால் அதையும் பார்க்கலாம்.

சின்ன ஜீப் கவிழும் என்று பின்னூட்டத்தில் ஒருவர் சுசுகியின் பழைய சின்ன ஜீப்பான சாமுராயைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். அது வெறும் வதந்தி இல்லை. 1988இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சாமுராய் எளிதில் கவிழும் என்று எழுதியது. சுசுகி அந்தச் சோதனை நியாயமாக நடக்கவில்லை என்று வழக்குப் போட்டது, 2004இல்தான் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. ஆகவே அந்த ஒரு மாதிரி மற்ற ஜீப்புகளைவிட எவ்வளவு மோசம் என்பதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். உயரம் கூடி அகலம் குறைந்தால் கவிழும் வாய்ப்புக் கூடும் என்பது இயற்பியல், அதில் விவாதமே இல்லை. கவிழும்போது இறப்பவர்களில் பெரும்பாலோர் பட்டி போடாமல் வெளியே வீசப்பட்டவர்கள் என்பதும் பல நாட்டு விபத்துப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருவது. இதனால்தான் பட்டியும் இரும்புக் கூரையும் என் முதல் நிபந்தனை, எஞ்சின் அதற்குப் பிறகு. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இளம் சாரதிகளுக்கு இன்னொன்றும் சொல்வார்கள்: சின்ன வாகனத்தைவிடக் கொஞ்சம் பாரமான, சறுக்கலைத் தானே கட்டுப்படுத்தும் கருவி உள்ள வாகனம் நல்லது என்று. அது சரியான ஆலோசனைதான். உங்கள் விலைக்குள் வரும் பழைய ஜீப்புகளில் அந்தக் கருவியைத் தேடுவது வீண், ஆகவே வேகத்தைக் குறைப்பதுதான் நமக்கு மிஞ்சுகிற வழி.

இனி மிக முக்கியமானது. எந்தப் பெயர் வாகனமானாலும் கீழே குனிந்து சேஸியைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முற்பணம் கொடுக்காதீர்கள். நாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிறோம். கடலோரமான எழுவான்கரையில் வருடக்கணக்காக நின்ற வாகனத்தின் மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் இரும்பு பிஸ்கட் போல உதிரும். எஞ்சினைப் பிரித்துச் செய்யலாம், கியர் பெட்டியை மாற்றலாம், உக்கிய சேஸியை நேர்மையாகச் சரிசெய்யும் செலவில் இன்னொரு வாகனம் வாங்கலாம். பின் சக்கரத்துக்கு மேலே சேஸி வளைந்து ஏறும் இடம், இலைவில் மாட்டும் கொழுக்கிகள், உடம்பு சேஸியோடு பூட்டும் ரப்பர் இருக்கைகள், ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடம், இந்த நாலு இடத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உக்கியது மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். விற்பவர் தடுத்தால் வந்த வழியே திரும்புங்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதுத் தார் அடித்துக் கறுகறுவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், எதை மூடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். தகடு வைத்து ஒட்டிய வெல்டிங் இருந்தால் அதன் இரண்டு பக்க ஓரத்தையும் பாருங்கள். அரிப்பு ஒட்டுக்கு அப்பாலும் ஓடியிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வாகனமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இருக்கைப் பட்டியை முடிவு வரைக்கும் இழுங்கள். சுருண்டிருந்த கடைசிப் பகுதியில் மண் கறை இருந்தால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. மேல் கம்பளத்தைக் கழுவிக் காயவைப்பார்கள், பட்டியின் உள்சுருளை யாரும் கழுவுவதில்லை. இருக்கைக்குக் கீழே உள்ள தண்டவாளங்களில் துருவும், டிஃப்ரென்ஷியல் எண்ணெய் பால் கலந்ததுபோல வெளிறியிருப்பதும் அதே கதையைச் சொல்லும்.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் குளிராக இருக்கும் நேரத்தில் போங்கள். போனவுடன் போனெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். டீசலில் கிளப்பும்போது கொஞ்சம் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்தால் எண்ணெய் எரிகிறது. ஓடும் நிலையில் எண்ணெய் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று அடித்துக்கொண்டு புகை வந்தால் பிஸ்டன் பக்கம் வேலை இருக்கிறது. வாகனத்தைப் பார்க்காமல் இங்கிருந்தபடி எஞ்சினைப் பற்றி இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிறகு வெறுமையான நேர் வீதியில் 40இல் போய் பிரேக் பிடியுங்கள், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராக வைத்து இரண்டு பக்கமும் அசைத்தால் சக்கரம் திரும்பாத வெறும் ஆட்டம் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் மூட்டுகளோ பெட்டியோ தேய்ந்திருக்கிறது. கிறவலில் நாலு சக்கரத்தைப் போட்டு, குறைந்த கியரையும் போட்டு, சத்தத்தைக் கேளுங்கள். பல ஜீப்புகளில் அந்த லீவர் வருடக்கணக்காக அசைக்கப்படாமல் இறுகிப்போயிருக்கும், "தேவைப்படும்போது போடலாம்" என்று சொல்லிச் சமாளிப்பார்கள். இப்போதே போடச் சொல்லுங்கள். ஏர்பேக் உள்ள வாகனமென்றால் சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம்.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டால் ஈர வீதியில் பிடிக்காது. நம் ஜீப்புகள் ஓட்டம் குறைவு, ரயர் தேய முன்னரே வெயிலில் வெடிக்கும். பழைய ரயரென்றால் நாலையும் மாற்றும் காசைக் கணக்கில் சேருங்கள். பொதுவாக நான் சொல்வது, கையில் உள்ள காசில் மூன்றில் இரண்டு பங்குக்கு வாகனத்தைத் தேடுங்கள், மற்றப் பங்கை ரயர், பிரேக், பட்டி, முன் விளக்கு என்று முதல் இரண்டு மாதத்துக்குள் போடுங்கள். முழுக் காசையும் விலையில் போட்டுவிட்டுத் தேய்ந்த பிரேக்கோடு பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் வீடுகள்தான் அதிகம்.

பத்திரங்களில் ஏமாறுவதும் இங்கே நிறைய. பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் இரும்பில் உள்ளதோடு நீங்களே ஒப்பிடுங்கள், விற்பவர் வாசிக்க நீங்கள் தலையாட்டாதீர்கள். பழைய ஜீப்புகளில் எஞ்சின் மாற்றியிருப்பது சாதாரணம், அது பதிவில் ஏறியிருக்க வேண்டும். இலக்கத்தைச் சுற்றி உரசிய தடம், புது வெல்டிங் இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் விடுங்கள். உடைத்துப் பொருத்திய வாகனம் பொலிஸில் மாட்டினால் உங்கள் காசும் போகும், வழக்கும் வரும். லீசிங் நிறுவனத்தின் பெயர் உரிமையாளர் இடத்தில் இருந்தால் அது நீங்கிய பிறகே பேச்சு. "ஓப்பன் பேப்பர்" என்று முன்னவர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு கை மாறி வந்த வாகனத்தை வாங்கினால், உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காப்புறுதி எடுக்கும்போது ஓட்டப்போவது 18 வயது மகன் என்பதை மறைக்காமல் சொல்லி, இழப்பீட்டில் என்ன கழிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

வாகனம் எதுவானாலும் பிள்ளைகளுக்கு வீட்டில் போட வேண்டிய கட்டுப்பாடுகளில் முதலாவது தண்ணீர். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் தண்ணீரில் கவிழ்ந்ததை அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் யாரும் மறந்திருக்க மாட்டோம். உழவு இயந்திரத்தையே கவிழ்த்த தண்ணீருக்கு ஒரு தொன் ஜிம்னி எம்மாத்திரம்? ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே பல கார்கள் மிதக்கத் தொடங்கும், இரண்டடி பெரிய ஜீப்பையும் கெப்பையும் இழுத்துக்கொண்டு போகும். வீதியை மூடித் தண்ணீர் ஓடினால் அடியில் வீதி இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது. "ஜீப்தானே" என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது. ஓடும் தண்ணீர் என்றால் நிறுத்து, திரும்பு, எவ்வளவு சுற்றானாலும் வேறு வழியால் வா. எஞ்சினுக்குள் தண்ணீர் இழுபட்டால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு (கொன்ரொட்) வளைந்து எஞ்சின் அதோடு சரி. ஆனால் அதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

அடுத்தது கூட்டம். இளம் சாரதியோடு அதே வயதுக்காரர்கள் ஏற ஏற விபத்துக்கான வாய்ப்புக் கூடுகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஜிம்னியின் சின்னப் பின் இருக்கையை நான் புகழ்ந்தது இதற்காகத்தான். முதல் வருடம் முழுக்க, நண்பர்களை ஏற்றிக்கொண்டு பாசிக்குடா, அறுகம்பை என்று கிளம்புவது வேண்டாம். அம்மாவோ பெரியவர் ஒருவரோ பக்கத்தில் இருந்தால் வேறு கதை. இரவில் வயலிலிருந்து வருவதையும் முதல் வருடம் தவிர்க்கப் பாருங்கள். பழைய ஜீப்புகளின் முன் விளக்கு மங்கல், இருட்டில் கரிய யானை விளக்கு வட்டத்துக்குள் வரும்போது நிறுத்தத் தூரம் மிஞ்சியிருக்காது.

மகளைப் பற்றி நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள். 18 ஆகும் வரை அவளுக்கு அனுமதிப்பத்திரம் கிடையாது, ஆனால் உங்கள் சொந்தக் காணியில் பழகலாம். அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயல் அதற்கு நல்ல இடம். வாய்க்கால் ஓர வரம்பில் மட்டும் ஓட்ட விடாதீர்கள், கரை இடிந்தால் ஜீப் பக்கவாட்டில் போகும். கிறவலில் மெதுவான வேகத்தில் பிரேக்கை முழுதாக மிதித்து வாகனம் எவ்வளவு தூரம் வழுக்கிப் போய் நிற்கிறது என்பதை இரண்டு பேருக்கும் காட்டுங்கள், முதலில் 20இல், பிறகு 40இல். வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தூரம் இரட்டிப்பாக இல்லை, கிட்டத்தட்ட நாலு மடங்கு. வாயால் சொல்லி யாரும் நம்ப மாட்டார்கள், குச்சி நட்டுக் காட்டினால் நம்புவார்கள்.

வாகனம் பார்க்கப் போகும்போது மகனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், அடிப்பக்கம் குனிந்து தட்டுகிற வேலையை அவனிடமே கொடுங்கள். விலை பேசும் நேரத்தில் மட்டும் அவன் முகத்தை விற்பவர் பார்க்காமல் இருப்பது நல்லது. பிறகு பின் சக்கரத்துக்கு மேலே சேஸி வளையும் இடம் இரண்டு பக்கமும், இலைவில் கொழுக்கி, ஸ்டியரிங் பெட்டியின் அடி, சேஸி இலக்கம் அடித்த இடம், இவற்றைப் பகல் வெளிச்சத்தில் கிட்டவாகப் படமெடுத்து இதற்குக் கீழே போடுங்கள், இலக்கத்தின் கடைசி நாலு எழுத்தை மறைத்துவிட்டு. பார்த்துவிட்டு வாங்கலாமா விடலாமா என்று எழுதுகிறேன்.